பூட்டிய வீட்டுக்குச் சொந்தக்காரர் யார்?

வியாபார விடயமாக யாழ்ப்பாணத்துக்கோ மன்னாருக்கோ போய்வரும் அன்பர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். பிரதான வீதியிலிருந்து ஓர் ஒழுங்கைக்குள் திரும்பினால் நாலைந்து வீடுகளுக்கு ஒரு வீடு பூட்டிக் கிடக்கும். கேற்றில் துருப்பிடித்த சங்கிலி. கிணற்றைச் சுற்றிப் பற்றை. ஓட்டைப் பிளந்துகொண்டு ஓர் ஆலங்கன்று. பஸ் நிலையத்துக்குப் பத்து நிமிட நடை. களஞ்சியத்துக்கோ, கடைக்கோ, சிறிய விடுதிக்கோ இதைவிட நல்ல இடம் கிடையாது என்று வியாபாரியின் மனம் உடனே கணக்குப் போடும்.

வடக்கில் மட்டுமல்ல, கொழும்பிலும் கண்டியிலும் காலியிலும் இப்படிப்பட்ட வீடுகள் உண்டு. வாப்பா மௌத்தாகி, பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில் இருக்க, யாரும் விற்கவும் முடியாமல் திருத்தவும் முடியாமல் கிடக்கின்ற வீடுகள். காணி வாங்கி விற்பவர்களுக்கு இவை ஒரு வாய்ப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த வாய்ப்பில் கையைச் சுட்டுக்கொண்டவர்களும் எம்மவரில் அநேகர். காரணம் ஒன்றுதான். வீட்டைக் கண்டுபிடித்தவர்கள் வீட்டுக்காரரைக் கண்டுபிடிக்கவில்லை.

திறப்பு வைத்திருப்பவரிடம் கொடுத்த பணம்

எனது நண்பர் ஒருவர் கட்டடப் பொருள் வியாபாரி. யுத்தம் முடிந்த பின்னர் யாழ்ப்பாணத்தில் கிளை ஒன்று திறக்க விரும்பினார். நகருக்குள் பூட்டிய வீடொன்று கண்ணில் பட்டது. பக்கத்து வீட்டில் விசாரித்தார். திறப்பு ஒருவரிடம் இருந்தது. அவர் வீட்டுக்காரரின் மருமகன். வீட்டுக்காரர் கனடாவில் இருக்கிறார், தன் பெயருக்கு அற்றோணித் தத்துவம் எழுதித் தந்திருக்கிறார் என்று பத்திரத்தையும் காட்டினார். பத்திரம் உண்மையானது. முத்திரையும் கையொப்பமும் சரி. நண்பர் 20 இலட்சம் ரூபா முற்பணம் கொடுத்து விட்டார்.

உறுதி முடிக்கும் நேரத்தில்தான் விடயம் வெளிவந்தது. கனடாவில் இருந்தவர் மூன்று வருடங்களுக்கு முன்பே இறந்து விட்டார். அற்றோணித் தத்துவம் கொடுத்தவர் இறக்கும்போது அந்தத் தத்துவமும் அவரோடு முடிந்து விடுகிறது. வீடு இப்போது அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. அவர்களோ விற்பதாக யாருக்கும் சொல்லவில்லை. மருமகன் கையில் அந்தப் பணமும் இல்லை. இரண்டு வருடங்கள் அலைந்து பாதிப் பணத்தைத்தான் மீட்டார்.

பின்னர் நான் அவரிடம் கேட்டேன், “நானா, அந்த வீட்டுக்காரரோடு ஒரு தடவையாவது நேரே பேசினீங்களா?” என்று. “பத்திரம் கையில் இருக்கும்போது எதற்கு என்று விட்டு விட்டேன்” என்றார். 20 இலட்சம் ரூபாவுக்கு முன்னர் செய்திருக்க வேண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது முழுவதும் இதற்குள் அடங்கும். திறப்பு வைத்திருப்பவர் வேறு, வீட்டுக்காரர் வேறு. வீட்டுக்காரரின் வாயால் கேட்கும்வரை ஒரு சதமும் கைமாறக் கூடாது.

எங்கே தேடுவது?

முதலில் அயலவர். வயதானவர்களிடம் கேளுங்கள். இளைஞர்களுக்குப் பூட்டிய வீடுதான் தெரியும், மூத்தவர்களுக்குத்தான் குடும்பம் தெரியும். கோயிலடி, பள்ளிவாசல் நிர்வாகம், பழைய பாடசாலை அதிபர், சந்திக் கடைக்காரர் ஆகியோரிடம் கிடைக்கும் தகவல் எந்தக் காரியாலயத்திலும் கிடைக்காது. பெயர், எந்த நாடு, எந்த உறவினருடன் தொடர்பு, கடைசியாக எப்போது வந்து போனார் ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து கிராம உத்தியோகத்தர். அதன் பின்னர் மாநகர சபை அல்லது பிரதேச சபை. அங்குள்ள ஆதன வரி இடாப்பில் ஒரு பெயர் இருக்கும். யாழ்ப்பாணத்தவர் சோலைவரி என்பார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை. வரி இடாப்பில் உள்ள பெயர் உரிமைக்குச் சான்று அல்ல. பாட்டனின் பெயரிலேயே 40 வருடங்களாக வரி போய்க் கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். அது தேடலுக்கு ஒரு தொடக்கம் மட்டுமே.

உண்மையான விடை காணிப் பதிவகத்தில் இருக்கிறது. இலங்கையில் காணி விற்பனை நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட்டால்தான் செல்லுபடியாகும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நொத்தாரிசு எழுதும் உறுதியின் இரண்டாம் பிரதி பதிவகத்துக்குப் போகிறது. ஆகவே வீட்டுக்காரரிடம் உறுதி தொலைந்து போயிருந்தாலும் அத்தாட்சிப்படுத்திய பிரதி ஒன்றைப் பெற வழியுண்டு. 1990இல் உடுத்த உடையோடு வெளியேறிய எம்மவர்கள் பலருக்கு உறுதியை மீட்கக் கைகொடுத்ததும் இந்த வழிதான்.

பதிவகத்தில் தேடுவதற்குக் காணியின் பெயர், எல்லைகள், முன்னைய உறுதியின் இலக்கம் போன்ற விபரங்கள் வேண்டும். வடக்கில் காணிக்குப் பெயரும், விஸ்தீரணத்துக்குப் பரப்புக் கணக்கும் இருக்கும். ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ், 16 பரப்பு ஓர் ஏக்கர். சட்டத்தரணியைக் கொண்டு குறைந்தது 30 வருடப் பதிவுகளையாவது பார்ப்பது வழக்கம். ஈடு, குத்தகை, நீதிமன்றத் தடை, வழக்குப் பதிவு எல்லாம் அந்த இடாப்பில்தான் தெரியவரும். பிரிவிடுதல் வழக்கு ஒன்று பதிவாகியிருந்தால் அந்த வழக்கு முடியும்வரை ஒதுங்கி நில்லுங்கள். அக்காலத்தில் எழுதும் விற்பனை உறுதி செல்லாது என்று 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடுதல் சட்டம் கூறுகிறது.

இன்னும் மூன்றை மறக்க வேண்டாம். அது அரச அனுமதிப் பத்திரக் காணியா? அப்படியானால் பிரதேச செயலாளரின் சம்மதமின்றி விற்க முடியாது. வக்பு செய்யப்பட்ட காணியா? அப்படியானால் எந்தத் தனிநபரும் அதைத் தன் சொத்தாக விற்க முடியாது. நன்கொடை உறுதியில் யாருக்காவது சீவிய உரித்து வைக்கப்பட்டுள்ளதா? அப்படியானால் அவர் உயிரோடு இருக்கும்வரை வீட்டில் இருக்கும் உரிமை அவருக்கு உண்டு.

வீட்டுக்காரரா, வீட்டுக்காரர்களா?

பதிவகத்தில் ஒரு பெயர் கிடைத்தது, ஆனால் அவர் மௌத்தாகி விட்டார். இப்போது என்ன செய்வது?

முஸ்லிம் ஒருவர் மரண சாசனம் எழுதாமல் இறந்தால் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, அவரது மத்ஹபுக்குரிய ஷரீஅத் முறையில் சொத்துப் பிரிகிறது. ஓர் உதாரணம் பார்ப்போம். மனைவி, இரண்டு ஆண் மக்கள், மூன்று பெண் மக்கள். பெற்றோர் உயிரோடு இல்லை. மனைவிக்கு எட்டில் ஒன்று. எஞ்சிய எட்டில் ஏழு, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்று பிரியும். அதாவது வீட்டை எட்டுப் பங்காக்கினால் உம்மாவுக்கு ஒன்று, ஒவ்வொரு மகனுக்கும் இரண்டு, ஒவ்வொரு மகளுக்கும் ஒன்று. ஆக ஆறு உரிமையாளர்கள்.

மூத்த மகன் மாத்திரம் உங்களிடம் வந்து “வீடு எங்களுடையதுதான்” என்று கையொப்பமிட்டால் நீங்கள் வாங்குவது எட்டில் இரண்டு பங்கை மட்டுமே. மற்ற ஐந்து பேருடனும் நீங்கள் கூட்டுப் பங்காளியாகி விடுகிறீர்கள். ஒருவர் பிரிவிடுதல் வழக்குப் போட்டால் உங்கள் முதல் வருடக்கணக்கில் முடங்கும். அந்த ஆறு பேரில் ஒருவர் இறந்திருந்தால் அவருடைய பங்கு அவரது குடும்பத்துக்குள் மீண்டும் பிரியும். மூன்று தலைமுறை தாண்டிய வீட்டில் 30, 40 பங்காளிகள் இருப்பது புதுமையல்ல. எனவே பேச்சைத் தொடங்க முன்னர் குடும்ப மரம் ஒன்றை வரைந்து, யார் எங்கே என்று எழுதிக்கொள்ளுங்கள். மரண சொத்தின் பெறுமதி சட்டம் குறிப்பிடும் தொகைக்கு மேற்பட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் மரண சொத்து வழக்கு முடிந்துதான் விற்க முடியும் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

மற்றொரு விடயம். எமது சமூகத்தில், குறிப்பாகக் கிழக்கில், வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரில் இருக்கும். சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு. பேச வருபவர் கணவர், முடிவு சொல்பவர் கணவர், ஆனால் உரிமையாளர் மனைவி. அவருடைய சம்மதத்தை அவரிடமே கேட்டறிய வேண்டும்.

வடக்கில் தமிழ்க் குடும்பங்களின் சீதன வீடுகளுக்கும் இது பொருந்தும். அங்கே தேசவழமைச் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என 1911ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டமோ கூட்டுப் பங்காளிகளுக்கும், விற்பவரின் வாரிசாகக் கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமையைத் தருகிறது. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்காமல் வாங்கினால் உங்கள் உறுதிக்கு எதிராக வழக்கு வரலாம். வடக்கில் காணி வாங்கும் தென்பகுதி வியாபாரிகள் பலரும் கேள்விப்படாத விடயம் இது. ஆகவே அந்தப் பகுதியில் தொழில் செய்யும் சட்டத்தரணியை வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் எப்படி எழுதுவது?

முகவரியோ தொலைபேசி இலக்கமோ கிடைத்தவுடன் அழைத்து “வீடு விற்பீங்களா, என்ன விலை?” என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அழைப்பு அரை நிமிடத்தில் முடிந்து விடும். மறுமுனையில் இருப்பவர் உங்களை அறியாதவர். அவர் பிறந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். தன் இலக்கம் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்ற பயமே அவருக்கு முதலில் வரும்.

முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். தபாலிலோ, வட்ஸ்அப்பிலோ, அவருடைய உறவினர் கையிலோ அனுப்பலாம். ஒரு பக்கம் போதும். இப்படி எழுதலாம்:

“மதிப்புக்குரிய ஐயா, நான் புத்தளத்தில் கட்டடப் பொருள் வியாபாரம் செய்பவன். உங்கள் அயலில் முன்னர் கடை வைத்திருந்த பெரியவர் மூலம் உங்கள் முகவரி கிடைத்தது. உங்களுடைய வீடு சில வருடங்களாகப் பூட்டியிருப்பதைக் கண்டேன். அதன் தற்போதைய நிலையைக் காட்டும் படங்களை இத்துடன் அனுப்புகிறேன். வீட்டை விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ எண்ணம் இருந்தால் உங்களுடன் நேரடியாகப் பேச விரும்புகிறேன். எண்ணம் இல்லாவிட்டால் அதையும் அறியத் தாருங்கள், மீண்டும் தொந்தரவு செய்ய மாட்டேன். அவசரம் இல்லை. எனது பெயர், கடை முகவரி, தொலைபேசி இலக்கம், எனது சட்டத்தரணியின் விபரம் கீழே உள்ளன.”

இதில் விலை இல்லை. உறுதியின் பிரதியைக் கேட்கவில்லை. அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்கவில்லை. இவற்றை முதல் கடிதத்திலேயே கேட்பவர்கள் மோசடிக்காரர்கள், ஆகவே நேர்மையான வியாபாரி அந்த வழியில் போகக் கூடாது. படங்களை அனுப்புவது முக்கியம். அவற்றை வாசலுக்கு வெளியே நின்றே எடுங்கள். பூட்டை உடைத்து உள்ளே போனால் அது அத்துமீறல்.

அழைக்கும் நேரத்தையும் கவனியுங்கள். இலங்கை நேரத்துக்கு இலண்டன் கோடையில் நாலரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலமும் பின்னால் இருக்கிறது. டொரொன்டோ ஒன்பதரை அல்லது பத்தரை மணித்தியாலம் பின்னால். நாம் கடை திறந்து உட்காரும் நேரம் அங்கே நள்ளிரவு. தூக்கத்தில் எழுப்பிக் காணி பேச முடியாது.

முன்னர் சொன்ன நண்பர் இரண்டாவது தடவை இந்த முறையில்தான் முயன்றார். வேறொரு வீடு. உரிமையாளர் இலண்டனில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை. கடிதம் அனுப்பி ஏழு வாரங்கள் பதில் இல்லை. பின்னர் ஒருநாள் மாலை அவரே அழைத்தார். விலை பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

“தம்பி, கிணத்தடியில ஒரு தேசிமரம் நிண்டது. அது இப்பவும் நிக்குதோ?”

“நிக்குது அம்மா. காய்ச்சுக் கிடக்குது. நாளைக்குப் படம் எடுத்து அனுப்புறேன்.”

அன்று அவ்வளவுதான் பேச்சு. வியாபாரம் அந்தத் தேசிமரத்தில் தொடங்கியது என்று நண்பர் இன்றும் சொல்வார்.

விலை பேசும்போது

இந்த இடத்தில் எமது குடும்பக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூட்டிய வீட்டை வாங்குபவர்களாக மட்டும் எம்மை நினைத்துக்கொள்ள முடியாது. பூட்டி விட்டுப் போனவர்களும் நாம்தான்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். எனது மாமா சோனகதெருவில் இருந்த தன் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு புத்தளத்துக்கு வந்தவர். 2002இல் யுத்தநிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தது. மாமா அப்போது நோயாளி, பிரயாணம் செய்ய முடியவில்லை. 2003இல் தரகர் ஒருவர் புத்தளத்துக்கு வந்தார். “வீடு தரைமட்டம் ஹாஜியார். வெறுங்காணிக்குத்தான் காசு” என்றார். மாமா நம்பிக் கையொப்பமிட்டார்.

அடுத்த வருடம் அவருடைய மகன் யாழ்ப்பாணம் போய்ப் பார்த்தபோது வீடு நின்றது. கூரை இருந்தது. முன்னறையில் ஒரு கடையே நடந்துகொண்டிருந்தது. செய்தி கேட்ட மாமா தரகரைத் திட்டவில்லை. “காசு குறைஞ்சது பரவாயில்ல. வீடு இல்லயெண்டு சொன்னானே, அதுதான் மனசுக்கு ஏலாம இருக்கு” என்றார். மௌத்தாகும்வரை அந்தத் திறப்பு அவரிடமே இருந்தது.

சந்தை விலை அறியாதவரிடம் வாங்குவது பற்றி எமது மார்க்கத்தில் தெளிவான வழிகாட்டல் உண்டு. சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை சந்தைக்கு வரும் முன்னரே வழியில் மறித்து வாங்குவதை நபியவர்கள் தடுத்தார்கள். வருபவருக்குச் சந்தை விலை தெரியாது என்பதே அதன் காரணம். பூட்டிய வீட்டின் தூரதேசத்து உரிமையாளரும் அதே நிலையில்தான் இருக்கிறார். 20 வருடங்களாக அந்தத் தெருவைக் காணாதவருக்கு இன்றைய விலை எப்படித் தெரியும்?

எனவே ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்தி அறிக்கை எடுத்து, அதன் பிரதியை அவருக்கும் அனுப்புங்கள். அவர் விரும்பினால் தன் பக்கத்தில் வேறொரு மதிப்பீடு பெறட்டும். “விலை தெரிந்தால் கூட்டிக் கேட்பாரே” என்று நினைக்கலாம். கேட்கத்தான் செய்வார். ஆனால் இதன் பலன் உங்களுக்கும் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர் சில வேளை அந்த நாட்டு விலையை மனதில் வைத்துக்கொண்டு எட்டாத தொகை கேட்பார். அறிக்கை அவரையும் நிலத்துக்கு இறக்கும். குறைந்த விலைக்கு வாங்கிப் பின்னர் மகன், மருமகன் என்று ஒவ்வொருவராக வழக்குக்கு வருவதைவிட, எல்லோரும் அறிந்த விலைக்கு வாங்கி நிம்மதியாக இருப்பதுதான் இலாபம்.

செலவுகளையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். விற்பனை உறுதிக்கான முத்திரை வரி வழமையாக முதல் ஓர் இலட்சம் ரூபாவுக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபா பெறுமதியான வீட்டுக்கு 399,000 ரூபா. இது வாங்குபவரின் செலவு. சட்டத்தரணி கட்டணமும் நில அளவைச் செலவும் வேறு. மூலதன ஆதாய வரி 2018 ஏப்ரல் முதல் மீண்டும் நடைமுறையில் இருக்கிறது. அது விற்பவரின் பொறுப்பு. வெளிநாட்டில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், நீங்களே சொல்லி விடுங்கள். கடைசி நேரத்தில் தெரியவந்தால் நீங்கள் மறைத்ததாகவே நினைப்பார்.

அற்றோணித் தத்துவத்தை எப்படிப் பார்ப்பது?

வெளிநாட்டில் இருப்பவர் நேரில் வந்து கையொப்பமிட்டால் நல்லது. வர முடியாவிட்டால் அற்றோணித் தத்துவம் வேண்டும். அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் கையொப்பமிட்டு, இங்கே வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சி பெற்று, பதிவாளர் நாயகத்தின் கீழ் பதிவு செய்வது வழமை. மோசடிகள் பெருகியதால் 2022இல் அற்றோணித் தத்துவம், நொத்தாரிசு ஆகியவை தொடர்பான சட்டங்கள் திருத்தி இறுக்கப்பட்டன. இருந்தாலும் பத்திரத்தை மட்டும் நம்பாமல் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா? கொடுத்ததை ரத்துச் செய்திருக்கிறாரா? இந்தக் குறித்த வீட்டை விற்கும் அதிகாரம் அதில் உண்டா, அல்லது பராமரிக்கவும் வாடகை வசூலிக்கவும் மட்டும்தானா? பணத்தைப் பெறும் அதிகாரமும் உண்டா?

முதல் கேள்விக்கு விடை வீடியோ அழைப்பில் கிடைத்து விடும். கையில் கடவுச்சீட்டோடு அவர் முகத்தைக் காட்டி, “ஓம், நான்தான் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தேன், இந்த விலைக்கு விற்கச் சம்மதம்” என்று சொல்லட்டும். சட்டத்தரணியும் உங்களோடு இருந்து கேட்கட்டும். உறுதி எழுதும் நாளன்று காலையிலும் ஒரு தடவை பேசுங்கள். எனது நண்பர் 20 இலட்சம் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் இது.

உரிமையாளர் வேறு நாட்டுப் பிரசையாகி விட்டாரே, விற்க முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். வெளிநாட்டுப் பிரசைகள் இங்கே காணி வாங்குவதைத்தான் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. தன் பெயரில் ஏற்கனவே உள்ளதை விற்பதற்கு அது தடையல்ல. ஆனால் பணம் வங்கி ஊடாகத்தான் போக வேண்டும். உண்டியல் வழியில் அனுப்பினால் சட்டச் சிக்கல் ஒருபுறம், பணம் கொடுத்ததற்குச் சான்று இல்லாமல் போவது மறுபுறம்.

பத்து வருடக் கதை

“அந்த வீட்டில் நான் பத்து வருடமாக இருக்கிறேன், எனக்கே சொந்தமாகி விட்டது, என்னிடம் வாங்குங்கள்” என்று சொல்பவர்களையும் சந்திப்பீர்கள். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தில் பத்து வருடக் கணக்கு இருப்பது உண்மை. ஆனால் வெறுமனே பத்து வருடம் இருந்தால் போதாது. உரிமையாளருக்கு எதிராக, இடைவிடாது, தன்னுடையது என்ற நிலையில் இருந்திருக்க வேண்டும். காவலுக்கு வைக்கப்பட்டவரும் வாடகைக்கு வந்தவரும் எத்தனை வருடம் இருந்தாலும் அந்தக் கணக்குத் தானாகத் தொடங்காது. 1903இல் நாகூட மரைக்கார் எதிர் முகம்மது என்ற எமது நாட்டு வழக்கிலேயே பிரிவிக் கவுன்சில் இதைத் தெளிவாக்கியது. முகவராக உள்ளே வந்தவர், அந்த நிலையை விட்டு உரிமையாளருக்கு எதிராக நின்றதை வெளிப்படையான செயலால் காட்ட வேண்டும்.

யுத்தத்தால் நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (சிறப்பேற்பாடுகள்) சட்டமும் வந்தது. 1983 மே 1ஆம் திகதிக்கும் 2009 மே 18ஆம் திகதிக்கும் இடைப்பட்ட காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணக்கிடாமல், குறித்த கால எல்லைக்குள் வழக்கிட அது இடமளித்தது. ஆகவே இத்தகைய வீடுகளில் பத்து வருடக் கதையை நம்பிப் பணம் போடுபவர் வீட்டை வாங்கவில்லை, வழக்கை வாங்குகிறார். நீதிமன்றத் தீர்ப்பு அவர் கையில் இருந்தால் மட்டும் பேசுங்கள்.

விற்க மாட்டேன் என்றால்?

பலர் அப்படித்தான் சொல்வார்கள். அதற்காகத் தொடர்பை முறிக்க வேண்டாம். பூட்டிய வீடு வருடா வருடம் அழிகிறது. வரி நிலுவை ஏறுகிறது. டெங்கு பரிசோதகர் பற்றையைப் பார்த்து அறிவித்தல் ஒட்டுகிறார். இந்தச் சுமைகளை இறக்கி வைக்கும் யோசனை உங்களிடம் இருந்தால் உரிமையாளர் கேட்பார். ஐந்து வருட குத்தகை எழுதி, திருத்தச் செலவை வாடகையில் கழிப்பது ஒரு முறை. முன் மண்டபத்தை மட்டும் வாடகைக்கு எடுத்து வளவைப் பராமரிப்பது இன்னொரு முறை. எதுவானாலும் நொத்தாரிசு உறுதியாக எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். குத்தகைக்காரராக வந்து பின்னர் உரிமை கொண்டாட மாட்டேன் என்ற நம்பிக்கை அவருக்கு அந்தப் பத்திரத்தில்தான் கிடைக்கிறது.

இலண்டன் ஆசிரியை முதலில் விற்கச் சம்மதிக்கவில்லை. குத்தகைக்குக் கொடுத்தார். நண்பர் கூரையைத் திருத்தினார், ஒவ்வொரு செலவுக்கும் பற்றுச்சீட்டை அனுப்பினார், வாடகையை வங்கியில் கட்டினார். நாலாவது வருடம் ஆசிரியையே அழைத்து, “பிள்ளைகள் இனி வரப் போறதில்லை தம்பி. நீங்களே எடுங்கோ” என்றார். வேறு தரகர்கள் கூடுதல் விலை பேசிக்கொண்டிருந்தது நண்பருக்குப் பின்னர்தான் தெரியவந்தது. மதிப்பீட்டாளர் சொன்ன விலைக்கே உறுதி முடிந்தது. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாராம், தேசிமரத்தை வெட்டக் கூடாது என்று. நண்பரின் களஞ்சியம் இன்று அந்த மரத்தைச் சுற்றி வளைந்துதான் நிற்கிறது.

பூட்டிய வீடொன்றைக் காணும்போது இலாபக் கணக்குப் போடுங்கள், அது வியாபாரியின் தொழில். ஆனால் தரகரின் இலக்கத்தை எழுதும் முன்னர் வீட்டுக்காரரின் பெயரை எழுதுங்கள். முற்பணம் கொடுக்கும் முன்னர் அவருடைய குரலைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாத விலையில் வாங்காதீர்கள். இந்த மூன்றையும் செய்தவர் வழக்குக்குப் போனதை நான் அதிகம் கண்டதில்லை.